கலை வாழ்தலும் கலைஞர் வாழ்தலும்: தும்பறைப் பாய்நெசவு குறித்து ஓர் அறவியல் நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் திகனையைக் கடந்து தெல்தெனியவை அடைபவர் காண்பது ஏறத்தாழ நாற்பது ஆண்டு வயதுடைய ஒரு புதுநகரையாகும். பழைய தெல்தெனிய விக்ரோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. பிரித்தானிய உதவியோடு மகாவலிக்குக் குறுக்கே எழுப்பப்பெற்று, 1985 ஏப்பிரலில் அந்நாட்டுப் பிரதமர் மார்கிரட் தச்சர் சமுகமளிக்கத் திறந்துவைக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமானது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரின் கட்டட எச்சங்கள் தலைகாட்டுவதும், அவற்றைக் காண மக்கள் திரள்வதும் உண்டு. மூழ்கிய ஊரைப் பார்க்கச் செல்வோரிடத்து ஒருவகை இரக்கமும் ஒருவகை ஆவலும் கலந்திருக்கும். இவ்விரண்டனுள் எது மிகுதி என்பதை அவர்களே அறிந்திருப்பரோ என்பது ஐயமே.

அதே இரக்கமும் அதே ஆவலும் கலந்த மனநிலையோடுதான் கைப்பணியாளரின் வாயிலையும் இன்று பலர் அடைகின்றனர். தும்பறைப் பள்ளத்தாக்கின் ஹேனவல போன்ற ஊர்களுக்குப் பாய்நெசவைக் காணச் செல்வோர் ஆண்டுதோறும் உளர். உல்லாசப் பயணிகள், மாணவர், ஆய்வாளர், நல்லெண்ணங் கொண்ட உள்ளூரார் எனப் பலதிறப்பட்ட அவ்வருகையாளர் அனைவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித் திரும்புகின்றனர்: ‘இந்தக் கலை அழிந்துவிடக் கூடாது.’ தீங்கற்றதாகத் தோன்றும் இவ்வாக்கியம் உண்மையில் யாரிடம் எதனைக் கோருகின்றது என்பதே இங்கு ஆராயப்படுவது.

தும்பறை கண்டி இராச்சியத்தோடு நெருங்கிப் பிணைந்த நிலம். தெல்தெனியவைத் தலைமையிடமாகக் கொண்ட மெததும்பறையின் மெதமகாநுவரப் பகுதியிலேயே, 1815 பெப்ரவரியில், கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பிடிக்கப்பட்டான். நாயக்கர் வழிவந்த அம்மன்னனின் வீழ்ச்சியை அரசியல் வரலாறாக எழுதியோர் பலர். அவனுக்காகப் பணிபுரிந்த பொற்கொல்லரும் சித்திரகாரரும் தந்தச் செதுக்குநரும் பாய் நெய்வோரும் அதன்பின் யாருக்காக வேலை செய்தனர் என்று வினவியோர் மிகச் சிலர்.

அச்சிலருள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைத் துறைக்குப் பொறுப்பாயிருந்தவர். பாறைகளைத் தேடி ஊரூராய் நடந்தவரின் கண்ணில் மனிதர் பட்டனர். தட்டார், கொல்லர், சித்திரகாரர், நெசவாளர் ஆகியோரின் வேலைத்தலங்களுக்குச் சென்று, அவர்தம் கருவிகளையும் சொற்களையும் உருவங்களையும் குறித்துக்கொண்டார். உடன் சென்ற துணைவியார் எதெல் நிழற்படங்கள் எடுத்தார். 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பொருள்படும் பெயரில் வெளிவந்த பெருநூல் இவ்வருகைகளின் பயனேயாகும். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலே, இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த இல்லத்திலே, 425 பிரதிகள் மாத்திரம் அந்நூல் அச்சாயிற்று. இயந்திர உற்பத்தியை எதிர்த்து எழுதிய ஒருவர் தமது நூலைக் கையால் அச்சிட்டமை வெறும் அலங்காரமன்று. சொல்லுக்கும் செயலுக்குமிடையே அவர் பேணிய நேர்மை அது. ஆயினும் அந்நூலைத் தும்பறையின் நெசவாளர் எவரேனும் கையிலெடுத்துப் பார்த்திருத்தல் அரிது.

பாய் எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். ஏனெனில் இவ்விவாதத்திற் பங்குபற்றும் பலர் அதனை நோக்குவதில்லை. சிங்களத்தில் நியந்த என்றும் ஹண என்றும் வழங்கும் நார்ச்செடிகளின் தடித்த, நீண்ட இலைகளே மூலப்பொருள். தமிழில் மருள் எனப்படும் செடி நியந்தவுக்கு இனமானது. முற்காலத்தில் வில்லுக்கு நாணாகியதும் இவ்வினத்து நாரே. இலையைக் கட்டையின் மேற் கிடத்திச் சதைப்பற்று முழுவதும் நீங்கும்வரை சுரண்டுதல் வேண்டும். எஞ்சும் வெண்ணாரைக் கழுவி, உலர்த்தி, சீவிச் சீராக்கிய பின்னரே சாயமிடுதல் தொடங்கும். பதங்கிக் கட்டையிலிருந்து சிவப்பு, மரமஞ்சட் கொடியிலிருந்து மஞ்சள், கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பிலிருந்து கறுப்பு என்பன மரபான நிறங்கள். நாரின் இயல்பான வெளிர்நிறம் நிலமாக அமையும். பின்னர் தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில், நெய்பவரும் தரையிலமர்ந்து, பாவிழைகளை எண்ணி எண்ணி ஊடு நாரைச் செலுத்துவர். எண்ணிக்கை ஓரிடத்தில் பிழைப்பின் யானையின் துதிக்கை கோணும், மானின் கொம்பு முறியும். வட்டம் வரைய இயலாத ஊடகத்திலே, நேர்கோடுகளையும் படிக்கட்டுக் கோணங்களையும் கொண்டே பறவையையும் பாம்பையும் பூவையும் காட்டிவிடும் இத்திறன் கணித அறிவினின்றும் வேறானதன்று. ஏட்டில் எழுதப்படாமையால் அதனை அறிவு என்று அழைக்கப் பல்கலைக்கழகங்கள் கூசுகின்றன. ‘கைத்திறன்’ என்று கூறி அமைகின்றன.

இத்துணை நுண்ணிய தொழிலைச் செய்தோர் கண்டியச் சமூகத்தில் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தனர்? 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் சாதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகின்றார். நேர்த்தியான பாய்களை நெய்வோர் அவ்வரிசையின் கடைசிப் படிகளுள் ஒன்றிலே நிற்கின்றனர். அவர்களுள் ஆடவர் தலையில் எதனையும் அணிதல் ஆகாது என்ற விதியையும் அவர் குறித்துள்ளார். கின்னர எனப்பட்ட அம்மக்களின் பாய் அரண்மனைக்குள் நுழைந்தது. நெய்தவர் தலையை மூடவும் உரிமையற்றிருந்தார். பாய் மேலானது, கை கீழானது என்ற இம்முரண் கண்டிக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

குமாரசுவாமி இம்முறையினை முற்றிலும் வேறொரு கோணத்தில் நோக்கினார். 1909இல் வெளியிட்ட இந்தியக் கைப்பணியாளர் பற்றிய சிறுநூலில், பரம்பரைத் தொழிலும் கைவினைக் குழுமங்களும் தொழிலாளிக்கு அளித்த பாதுகாப்பை அவர் வலியுறுத்துகின்றார். சந்தையின் ஏற்றத்தாழ்வு தீண்டாதவாறு, நிலமும் உணவும் உறுதியாயிருக்க, அவசரமின்றி வேலை செய்தவனே அழகினைப் படைக்க முடிந்தது என்பது அவர் வாதம். கலைஞன் தன் பெயரைப் பொறியாமை குறையன்று, தன்முனைப்பற்ற நிறைவு என்பதும் அவர் பிற்காலத்தில் விரித்துரைத்த கருத்து. இவ்வாதத்திற் பெரும் உண்மை உண்டு. 1832–33 ஆண்டுகளில் கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தங்களோடு இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது, கைப்பணியாளர் கட்டாயக் கடமையிலிருந்து விடுபட்டனர். அதேவேளை அரசனின் ஆதரவு என்பது மீளாது போயிற்று என்பதும் உறுதியாயிற்று. விகாரை, தேவாலய நிலங்களில் ஊழிய முறை அதன் பின்னும் தொடர்ந்தது. 1870இன் சட்டமொன்று அவ்வூழியத்தைப் பணமாகச் செலுத்த வழிசெய்தது. விலங்கு கழன்ற கையிலிருந்து சோறும் நழுவிற்று எனின் மிகையாகாது.

எனினும் பாதுகாப்பினைப் பற்றிப் பேசுபவர் பாதுகாக்கப்பட்டவரின் தலையையும் பார்த்தல் வேண்டும். தலைப்பாகைக்கு உரிமையற்றிருந்தவரின் பெயரறியாமையை ‘தன்முனைப்பற்ற நிறைவு’ என்று பாராட்டுதல் பாராட்டுபவருக்கே எளிது. தன் பெயரை விரும்பித் துறப்பவனுக்கும் பெயர் கேட்கப்படாதவனுக்கும் இடையேயுள்ள தூரம் மிகப் பெரிது. இந்த இடத்திலே குமாரசுவாமியின் பேரறிவு தடுமாறுகின்றது என்று சொல்வதில் அவருக்கு அவமரியாதை ஏதுமில்லை. சங்கப் புலவருள் கூலவாணிகன், அறுவைவாணிகன், பொற்கொல்லன் எனத் தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வாழ்ந்தோர் இருந்தனர். ஆயின் அவர்கள் தொழிலோடு தம் பெயரையும் உடையவர்கள்.

இனி, வருகையாளரின் வாக்கியத்துக்கு மீளலாம். ‘இந்தக் கலை அழிந்துவிடக் கூடாது’ எனும்போது, அழியாமற் காக்கும் பொறுப்பு யாருடையதாகின்றது? பேச்சின் இலக்கணம் அதனை மறைத்துவிடுகின்றது. கலை அழியாதிருக்க வேண்டுமெனின் யாரோ ஒருவர் நாள் முழுவதும் தரையிலமர்ந்து நாரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ வருகையாளர் அல்லர். அவர்தம் பிள்ளைகளும் அல்லர். பிறப்பினால் ஏற்கெனவே குறிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைகளே. தன் பிள்ளைக்கு வேண்டாத தொழிலை மற்றொருவர் பிள்ளைக்கு மரபு என்று எடுத்துரைக்க எவருக்கேனும் உரிமை உண்டா? மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் காண்ட் வகுத்த நெறி தத்துவ மாணவர் அனைவரும் அறிந்ததே. ஒருவரைக் கலையின் கருவியாக்குதலும், தேசியப் பெருமையின் கருவியாக்குதலும், அழகுணர்ச்சியின் கருவியாக்குதலும் அந்நெறிக்கு விலக்கானவையல்ல.

தெல்தெனியவின் கதை இங்கு ஒரு விசித்திரமான ஒப்புமையைத் தருகின்றது. மின்னும் நீரும் நாட்டுக்கு வேண்டும் என்பதற்காக அப்பள்ளத்தாக்கின் மக்கள் தம் வீட்டை விட்டு எழுந்து போகுமாறு பணிக்கப்பட்டனர். பாரம்பரியம் நாட்டுக்கு வேண்டும் என்பதற்காக அதே பள்ளத்தாக்கின் வேறு சிலர் இருந்த இடத்திலேயே இருக்குமாறு வேண்டப்படுகின்றனர். முன்னையதை அபிவிருத்தி என்றும் பின்னையதைப் பாதுகாப்பு என்றும் அழைப்பதனால் இரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றுகின்றன. எழுந்து போ என்பதும் அசையாதே என்பதும் ஒரே குரலின் இரு கட்டளைகளாதல் கூடும். வேறுபாடும் உண்டு: அணை கட்டியபோது இழப்பீடு என்ற சொல்லாவது பேசப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்ளலாம். பாய் நெய்யும் குடும்பமொன்றின் மகள் பல்கலைக்கழக அனுமதி பெறுகின்றாள். அவள் தாய்க்கு அதுவே வாழ்நாளின் பெருமகிழ்ச்சி. அவ்வூருக்கு வந்து செல்லும் கலையன்பரோ, ‘இனி யார் நெய்வார்?’ என்று வருந்துகின்றார். அவ்வருத்தம் பொய்யன்று, தலைமுறை தலைமுறையாகத் திரண்ட ஓர் அறிவு உண்மையிலேயே அவ்வீட்டில் அறுந்துபோகலாம். ஆயின் அது எவரும் முறையிட உரிமையற்ற இழப்பாகும். அறவியலில் இத்தகைய இழப்புகளுக்கு இடம் உண்டு என்பதை ஏற்க மனம் தயங்குவதாலேயே, இழப்பு என்ற உடனே குற்றவாளியைத் தேடுகின்றனர்; குற்றவாளியாக அந்த மகள் நிறுத்தப்படுகின்றாள்.

இத்தருணத்தில் தமிழ் வாசகர் தம் ஊரையும் நினைத்துப் பார்த்தல் நன்று. சாதியோடு பிணிக்கப்பட்டிருந்த எத்தனையோ தொழில்களை யாழ்ப்பாணத்து மக்கள் பலர் கடந்த நூற்றாண்டில் உதறினர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடிய தலைமுறையினருக்குத் தொழிலை உதறுதலும் விடுதலையின் ஓர் அங்கமாகவே இருந்தது. பிறர் துணியை வெளுப்பதையும் பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பதையும் ஒருவர் கைவிட்டபோது, முன்னையதற்காக எவரும் கண்ணீர் விடவில்லை. பின்னையதற்கு மட்டும், அதில் கலை இருந்தமையால், பின்னாளில் கண்ணீர் வந்தது. ஆகவே அழுபவர் தொழிலாளிக்காக அழுவதில்லை என்பது தெளிவாகின்றது. அழகற்ற இழிவை ஒழிக்க விரும்புவோரும் அழகிய இழிவைக் காப்பாற்ற விரும்புகின்றனர். அழகு ஓர் அநீதிக்கு அளிக்கும் ஆயுள்நீட்டிப்பு எத்துணை என்பதை அழகியல் படிப்போர் இன்னும் ஆராய்ந்தாரில்லை.

இவ்வாறு கூறுவதனால் தறியில் இருப்போர் அனைவரும் தப்பியோடக் காத்திருப்போர் என்ற முடிவுக்கு வருதலும் தவறேயாகும். அதுவும் ஒருவகை மேட்டிமை. தன் கைத்திறனில் மகிழ்வோர், அதனால் ஓரளவு நல்வருவாய் பெறுவோர், நகரத்துக் கடையில் அடுத்தவரின் ஏவலுக்கு நிற்பதினும் தம் முற்றத்தில் தம் நேரத்துக்குத் தாமே அரசராயிருப்பதை விரும்புவோர் அங்கும் இருப்பர். தன் உழைப்பின் பொருளிலிருந்து தொழிலாளி அந்நியமாதலைப் பற்றி 1844இல் இளம் மார்க்ஸ் எழுதியவற்றை வைத்து நோக்கின், ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்தை மட்டும் நாள் முழுதும் தைக்கும் பெண்ணைவிடத் தன் பாயில் யானையை எங்கு நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பெண் கூடுதலான முழுமையுடையவள். தமிழில் ‘வினை’ என்ற சொல் தொழிலையும் குறிக்கும், அறப்பயனுடைய செயலையும் குறிக்கும். கைவினை என்பதில் இவ்விரு பொருளும் கலந்து நிற்பது நினைக்கத்தக்கது. கேள்வி அவள் நெய்கின்றாளா என்பதன்று. நெய்யாமலிருக்க அவளுக்கு வழி இருந்ததா என்பதே. வழி இருந்தும் தறியைத் தேர்ந்தவளின் பாயும், வழியின்றித் தறியில் இருத்தப்பட்டவளின் பாயும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றலாம்.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைப் பாய்நெசவை மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மகிழத்தக்க செய்தியே. எனினும் பட்டியலில் ஏறியது கலை, கலைஞர் அல்லர். யப்பான் 1950இல் இயற்றிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, கைவினைத் திறனை உடைய ஆளையே அடையாளங்கண்டு, ஆண்டுதோறும் அரசு உதவித்தொகை வழங்கும் முறை அங்கே வளர்ந்தது. ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று மக்கள் அழைப்பது அம்மனிதரையே. அம்முறையிலும் குறைகள் உள. ஒருவரை உயர்த்தும்போது பக்கத்து வீட்டுக்காரர் விடுபடுவார். ஆயினும் சோறு உண்பது கலையன்று, மனிதரே என்ற எளிய உண்மையை அச்சட்டம் மறக்கவில்லை.

மற்றொன்றும் செய்யலாம்: பாய்நெசவைக் குடிப்பிறப்பிலிருந்து பிரித்துக் கற்பித்தல். விரும்புவோர் எவரும், எந்தச் சாதியினரும், எந்த மொழியினரும் கற்கும் பாடமாக அது ஆகுமெனின், கலை தொடர்வதற்கு ஒரு சமூகத்தின் குழந்தைகளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இக்கருத்து மொழியப்படும்போது கலையன்பர் சிலர் முகஞ்சுளிப்பர். பரம்பரைக் கை இல்லாவிடின் அது ‘உண்மையான’ தும்பறைப் பாய் ஆகாது என்பர். அச்சுளிப்பிலேயே அவர்கள் காக்க விரும்புவது எது என்பது வெளிப்பட்டுவிடும். அவர்களுடைய அச்சத்திற்கு மாறாக, கலைகள் இனங்களைக் கடந்து கைமாறியமைக்குச் சான்றுகள் எண்ணிறந்தன. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் தாமிரபரணிக் கோரையைப் பட்டுப்போல் நெய்வோர் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள்; அப்பாயோ மதம் பாராது திருமண வீடுகளுக்குச் சீராகச் செல்கின்றது.

பல்கலைக்கழகத்தாரும் இவ்விடயத்தில் வெறும் பார்வையாளர் அல்லர். கள ஆய்வுக்கெனக் குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் நெசவாளரின் திண்ணையில் அமர்பவர், அவருடைய ஒரு நாட் கூலியைக் கேள்விகளால் செலவிடுகின்றார். அங்கு பெற்ற அறிவு ஆய்வேடாகின்றது, ஆய்வேடு பட்டமாகின்றது, பட்டம் பதவியாகின்றது. அறிவைத் தந்தவர் ‘தகவலாளி’ என்ற பெயரில் ஓர் அடிக்குறிப்பில் அமர்கின்றார். உல்லாசப் பயணி நெசவைக் காட்டும்படி கேட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து செல்கின்றார். குறைந்தது ஒரு சிறு பையையாவது வாங்குகின்றார். ஆய்வாளர் பத்து நாள் இருந்து எதனையும் வாங்குவதில்லை. இவ்விருவருள் கடன் மிகுதியாகப் பட்டவர் யார் என்பதைத் தீர்மானித்தல் கடினமன்று. முடிந்த ஆய்வின் பயனை நெசவாளரின் மொழியில், அவர் வாசிக்கத்தக்கவாறு, அவர் கைக்கே திருப்பியனுப்புதல் மிகச் சிறிய ஈடு. அச்சிறிய ஈடும் பெரும்பாலும் செலுத்தப்படுவதில்லை.

விலை பேசுதலும் அறவியலுக்கு உட்பட்டதே. சந்தையில் பொருளை மட்டுங் காண்பவர் விலையைக் குறைக்கக் கேட்டல் வழக்கம். செய்தவரை அவர் கண்டதில்லை. வேலைத்தலத்துக்கே வந்தவரின் நிலை வேறு. இலை சுரண்டப்படுவதையும், சாயம் கொதிப்பதையும், ஒரு சாண் துணி நெய்ய எத்துணை நேரம் செல்கின்றது என்பதையும் கண்ணாரக் கண்டபின் அவர் பேசும் பேரம் அறியாமையாற் பேசும் பேரமன்று. காணுதல் கடப்பாட்டைத் தோற்றுவிக்கின்றது. அக்கடப்பாட்டை ஏற்க விருப்பமில்லாதோர் கண்டியின் கடைத்தெருவிலேயே வாங்குதல் நேர்மையானதாகும். அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்குரிய தரகும் அவ்விலைக்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடும் என்பதையும் வருகையாளர் மறத்தலாகாது.

தரையில் விரிக்கவென்று நெய்யப்பட்ட தும்பறைப் பாய் இப்போது பெரும்பாலும் சுவரில் தொங்கும் அலங்காரமாகவும், மெத்தை உறையாகவும், கைப்பையாகவும் உருமாறியுள்ளது. காடு குறைந்ததால் நார்ச்செடி கிடைத்தலும் அருமையாயிற்று. கடைச் சாயம் மரபுச் சாயத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. இதனைக் கண்ணுறும் வருகையாளர் சிலர் ஏமாற்றமடைகின்றனர். ‘பழைய சாயம் இல்லையா?’ என்று கேட்கின்றனர். தாம் அணிந்திருக்கும் சட்டையின் சாயம் எது என்ற வினா அவர்களுக்கு அவ்வேளையில் எழுவதில்லை. பதங்கிக் கட்டையைத் தேடி, விறகெரித்து, நாட்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் சிவப்புக்கு வேறு நேரமும் வேறு விலையும் உண்டு. வேண்டுமாயின் செய்து தரலாம், ஆனால் அதன் விலை இது என்று நெசவாளர் ஒரு தொகையைச் சொல்லும்போது, மரபினைப் பற்றி அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுள் எத்தனை பேர் முன்பணம் கொடுத்துவிட்டுச் செல்கின்றனர் என்பதை நெசவாளர்களே அறிவர்.